விடையிலிருந்து வினாவுக்கு

மாலை வகுப்பில் போர்டில் இப்படி எழுதினேன்:

∛(26 + 15√3) + ∛(26 − 15√3)

பிளஸ் டூ பிள்ளைகள். கனமூலம், அதற்குள் வர்க்கமூலம், அதே உருவம் கழித்தல் குறியோடு இன்னொரு தடவை. கொஞ்ச நேரம் ஒரு பேனாவும் அசையவில்லை. முன் பெஞ்சுப் பையன் கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சார், நாலு வருது. தசமமே இல்லாம நாலு" என்றான். பக்கத்து வரிசைப் பெண் நம்பாமல் தானும் தட்டினாள். அவளுக்கும் நாலுதான். "இவ்வளவு கரடுமுரடா இருக்கே, எப்படி சார் முழு எண் வரும்?"

அது தானாக வரவில்லை, நான் உள்ளே வைத்தது. அன்று மதியம் ரஃப் நோட்டில் 2 + √3 என்ற எண்ணை எடுத்துக்கொண்டேன். அதை அதாலேயே பெருக்கினால் 4 + 4√3 + 3, அதாவது 7 + 4√3. இன்னொரு தடவை 2 + √3 ஆல் பெருக்கினால் 14 + 7√3 + 8√3 + 12. கூட்டினால் 26 + 15√3. ஆக, போர்டில் மிரட்டிக்கொண்டு நின்ற எண்ணின் கனமூலம் நான் தொடங்கிய அதே 2 + √3. குறியை மாற்றினால் 26 − 15√3 இன் கனமூலம் 2 − √3. இரண்டையும் கூட்டும்போது √3 அடிபட்டுப் போகிறது. இரண்டும் இரண்டும் நாலு.

பார்த்தாலே மலைப்பூட்டும், ஆனால் பொசுக்கென்று முடிந்துவிடும் சமன்பாடுகள் அநேகமாக இப்படித்தான் பிறக்கின்றன. விடை முதலில், வினா பிறகு. ஆனால் இத்தனை வருடம் வினாத்தாள் போட்டதில் எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு. விடையை மட்டும் ஒளித்து வைத்தால் அது ஊகிக்கும் விளையாட்டாகத்தான் இருக்கும். விடைக்குப் போகும் வழியையும் சேர்த்து உள்ளே வைத்தால்தான் அது கணக்கு.

(பள்ளியில் ஆங்கில எழுத்தால் எழுதுகிற தெரியாத எண்ணை இங்கே க என்று எழுதுகிறேன். இரண்டாவது தேவைப்பட்டால் ப.)

இந்தக் கலை பழையது. பாஸ்கராச்சாரியார் 1150இல் எழுதிய லீலாவதியில் ஒரு வண்டுக் கணக்கு வருகிறது. கூட்டத்தின் பாதிக்கு வர்க்கமூலம் எவ்வளவோ அவ்வளவு வண்டுகள் மல்லிகைக்குப் பறந்துவிட்டன. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் போய்விட்டது. மிச்சம் ஒரு ஜோடி. மணத்துக்கு மயங்கித் தாமரைக்குள் இரவில் அகப்பட்டுக்கொண்ட ஆண் வண்டு உள்ளிருந்து ரீங்கரிக்க, பெண் வண்டு வெளியிலிருந்து பதில் குரல் கொடுக்கிறது. மொத்தம் எத்தனை?

√(க/2) + 8க/9 + 2 = க

விடை 72. பாதி 36, அதன் வர்க்கமூலம் 6. ஒன்பதில் எட்டுப் பங்கு 64. ஆறும் அறுபத்து நாலும் எழுபது, மிச்சம் இரண்டு. கணக்குப் போடுகிறவனாக இதைப் பார்க்கும்போது எனக்கு அந்த இரண்டுதான் கண்ணில் நிற்கிறது. பாதி வர்க்க எண்ணாக இருக்க வேண்டும், மொத்தம் ஒன்பதால் வகுபட வேண்டும் என்று தேடிப் போனால் 18 வரும், அடுத்து 72 வரும். பதினெட்டில் கணக்கு ஒட்டாது. எழுபத்திரண்டில் சரியாக இரண்டு மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தைத்தான் அவர் பிரிந்து தவிக்கும் ஜோடியாக்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வழியும் உள்ளேயே இருக்கிறது. க என்பதை 2ப² என்று வைத்தால் மூலக்குறி மறைந்து 2ப² − 9ப − 18 = 0 என்ற சாதாரண இருபடிச் சமன்பாடு கிடைக்கும். ப = 6.

ராமானுஜன் கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் படித்த காலத்தில், மேல் வகுப்பு மாணவர் ஒருவர் அவரிடம் இப்படி ஒரு கணக்கைக் கொடுத்ததாக அவர் வாழ்க்கையைச் சொல்பவர்கள் எழுதுகிறார்கள்:

√க + ப = 7, க + √ப = 11

ராமானுஜன் அந்த நிமிடமே 9, 4 என்று சொல்லிவிட்டாராம். கணக்கு எப்படி உண்டானது என்பது வெளிப்படை. 3, 2 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொள். 3 + 4 = 7, 9 + 2 = 11. தீர்க்கப் போகிறவனுக்கோ ஒன்றிலிருந்து மற்றதைப் பிரதியிட்டால் நாற்படிச் சமன்பாடு வந்து நிற்கும். ஊகித்தால் அரை நிமிடம், முறைப்படி போனால் ஒரு பக்கம். நான் மேலே சொன்ன குறை இதில்தான் இருக்கிறது. 9, 4 சரியென்று யாரும் சொல்லிவிடலாம். வேறு விடையே இல்லை என்பதை எப்படிச் சொல்வது?

வழி இருக்கிறது, கொஞ்சம் தோண்ட வேண்டும். √க, √ப இரண்டையும் அ, ஆ என்று வைப்போம். அ² + ஆ = 11 என்பதை அ² − 9 = 2 − ஆ என்று எழுதலாம். அ + ஆ² = 7 என்பதை 3 − அ = ஆ² − 4 என்று எழுதலாம். இரண்டிலும் வர்க்க வித்தியாசம் காரணிகளாகப் பிரிகிறது. முதலாவதில் (அ − 3)(அ + 3) = 2 − ஆ. இரண்டாவதில் (ஆ − 2)(ஆ + 2) = 3 − அ, அதாவது 2 − ஆ = (அ − 3)/(ஆ + 2). சேர்த்துப் பார்த்தால், அ − 3 பூச்சியமாக வேண்டும், இல்லையென்றால் அ + 3 என்பது 1/(ஆ + 2) க்குச் சமமாக வேண்டும். வர்க்கமூலங்கள் எதிர்மமாகாது. அதனால் முன்னது மூன்றுக்குக் குறையாது, பின்னது அரைக்கு மேல் போகாது. சமமாக வாய்ப்பே இல்லை. ஆகவே அ = 3, கதை முடிந்தது. இதை முதன்முதலில் போட்டுப் பார்த்த நாளில் எனக்கிருந்த சந்தோஷம் 9, 4 கிடைத்ததில் இருந்ததில்லை.

தேர்வுக்குக் கணக்குப் போடுகிறவர்கள் கையாளும் வழி இதைவிட நேரானது. ஒரு எளிய இருபடிச் சமன்பாட்டை எடுத்து அதன் மாறிக்கு வேஷம் கட்டிவிடுவார்கள். அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்காக 1983இல் முதன்முறையாக நடந்த ஏ.ஐ.எம்.இ. என்ற கணிதப் போட்டித் தேர்வில் மூன்றாவது வினா இது:

க² + 18க + 30 = 2√(க² + 18க + 45)

இதன் மெய் மூலங்களின் பெருக்கல் பலன் என்ன? இருபுறமும் வர்க்கப்படுத்தப் போனவர்கள் நாற்படிக் காட்டுக்குள் மாட்டிக்கொள்வார்கள். மூலக்குறி முழுவதையும் ம என்று வைத்தால் ம² − 15 = 2ம. ம = 5 (வர்க்கமூலம் என்பதால் −3 ஆகாது). அப்படியானால் க² + 18க + 20 = 0, பெருக்கல் பலன் 20. மூலங்களைக் கேட்டிருந்தால் −9 ± √61 என்று அழகில்லாமல் வந்திருக்கும். பெருக்கல் பலனைக் கேட்டதால் விடை துலக்கி வைத்த செம்பு மாதிரி வருகிறது. எதைக் கேட்பது என்பதும் கணக்குப் போடுவதில் பாதி வேலை.

(க+1)(க+2)(க+3)(க+4) = 24 என்பதும் இதே வீட்டுப் பிள்ளை. ஒன்றையும் நாலையும், இரண்டையும் மூன்றையும் ஜோடி சேர்த்தால் க² + 5க இரண்டிலும் தலைகாட்டும். மெய் விடைகள் 0, −5. 3^க + 4^க = 5^க என்பதில் விடை 2 என்று பித்தாகரஸ் படித்த எவரும் சொல்வார்கள். அதற்கு மேல் விடை இல்லை என்பதற்கு இருபுறமும் 5^க ஆல் வகுத்தால் போதும். இடப்பக்கம் க கூடக் கூட இறங்கிக்கொண்டே போகும், ஆகவே 1 என்ற மதிப்பை ஒரே ஒரு முறைதான் தொடும்.

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் 6÷2(1+2) வகையை நான் இந்தக் கூட்டத்தில் சேர்க்க மாட்டேன். அங்கே சிக்கல் எழுத்து முறையில் இருக்கிறது, எண்ணில் இல்லை. ஓர் அடைப்புக்குறி போட்டால் சண்டையே எழாது.

மறுபடி ராமானுஜன். 1911இல், கையில் வேலை இல்லாத இருபத்து மூன்று வயதில், இந்தியக் கணிதக் கழகத்தின் இதழுக்கு அவர் அனுப்பிய வினாக்களில் 289ஆம் எண் வினா இது:

√(1 + 2√(1 + 3√(1 + 4√(1 + …))))

முடிவே இல்லாமல் போகும் வர்க்கமூலங்கள். மதிப்பு என்ன? மூன்று இதழ்கள் வெளிவந்தன, ஆறு மாதம் போயிற்று, யாரிடமிருந்தும் விடை வரவில்லை. அவரே எழுதி அனுப்பினார்: 3.

சமைத்த விதத்தைப் பாருங்கள். 3 என்பது √9. ஒன்பதை 1 + 2×4 என்று பிரி. அந்த 4 என்பது √16, அதை 1 + 3×5 என்று பிரி. 5 என்பது √25, அது 1 + 4×6. ஆறு √36, அது 1 + 5×7. ஒவ்வொரு எண்ணையும் பிரிக்கும்போது அடுத்த எண் உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறது. வெங்காயத்தை உரிப்பதைத் தலைகீழாகச் செய்த மாதிரி, உள்ளே உள்ளே தோல் போர்த்திக்கொண்டே போகிறார். பின்னால் இருப்பது எட்டாம் வகுப்புச் சூத்திரம்தான்: ஓர் எண்ணின் வர்க்கம், அதற்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் பெருக்கி ஒன்று கூட்டியதற்குச் சமம். அதே வினாவின் இரண்டாம் பகுதியாக √(6 + 2√(7 + 3√(8 + …))) என்பதையும் கேட்டிருந்தார். அதற்கு விடை 4. உரித்துப் பார்க்கும் வேலையை வாசகருக்கே விட்டுவிடுகிறேன்.

ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலரும் கவனிக்காமல் தாண்டிப் போவது. இதே விளையாட்டை 4இல் தொடங்கினால் என்ன? 4 = √(1 + 2×7.5). 7.5 = √(1 + 3×18.41…). இப்படியே போனால் நாலுக்கும் அதே உருவம்தானே வரும்? அப்படியென்றால் மதிப்பு மூன்றா, நாலா?

தீர்ப்பு சொல்ல, தொடரை நடுவில் வெட்டிக் கணக்கிட வேண்டும். 4 வரை வைத்து வெட்டினால், அதாவது √(1 + 2√(1 + 3√(1 + 4))) என்றால், 2.560. 5 வரை என்றால் 2.755. 6 வரை என்றால் 2.867. மூன்றை நோக்கி ஏறுகிறது, மூன்றைத் தாண்டாது. காரணம் வர்க்கமூலத்தின் குணத்தில் இருக்கிறது. உள்ளே எங்கோ ஆழத்தில் 10 இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 1 வைத்துவிட்டோம் என்று கொள்வோம். பத்தில் ஒரு பங்கு. ஒரு மூலக்குறி தாண்டி வெளியே வந்தால், இருக்க வேண்டியதில் அது குறைந்தது 0.316 பங்கு. இன்னொன்று தாண்டினால் 0.562. பிறகு 0.750, 0.866. பத்து மூலக்குறி தாண்டினால் 0.997க்கு மேல். ஆழத்தில் செய்த பிழை வெளியே வருவதற்குள் கரைந்துவிடுகிறது. நாலில் தொடங்கிய பொய்த் தொடரில் உள்ளே இருக்கும் எண்கள் 7.5, 18.4, 84.5, 1429 என்று தறிகெட்டுப் பெருகுகின்றன. அந்த வேகத்தைக் கரைக்க மூலக்குறிகளால் முடியாது. ராமானுஜனின் எண்களோ 4, 5, 6, 7 என்று நிதானமாக நடக்கின்றன. வழி அந்த நடையில்தான் இருக்கிறது.

முடிவிலியை வைத்து விளையாடும்போது இந்தச் சோதனையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அடுக்குக் கோபுரம் உதாரணம். க^(க^(க^…)) = 2 என்றால், அடுக்கில் இருப்பதும் அதே கோபுரம்தான், அதுவும் 2. ஆக க² = 2, க = √2. இரண்டு வரியில் முடிகிறது, அழகு. இப்போது வலப்பக்கம் 4 என்று போடுங்கள். க⁴ = 4, மறுபடியும் க = √2. ஒரே கோபுரம் இரண்டுக்கும் சமம், நாலுக்கும் சமம்! கையால் ஏறிப் பார்த்தால் 1.414, 1.633, 1.761, 1.841 என்று இரண்டிடம்தான் போகிறது. கணித மேதை ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதன் எல்லையைக் கண்டுவிட்டார். அடிஎண் ஏறத்தாழ 0.066க்கும் 1.4446க்கும் இடையில் இருந்தால்தான் கோபுரம் ஒரு மதிப்பில் நிற்கும், அந்த மதிப்பும் 2.718ஐத் தாண்டாது. எனவே "= 4" என்ற வினாவுக்கு விடையே கிடையாது. இந்த வினாவை விடையோடு அச்சிட்ட கைடு ஒன்றை ஒரு மாணவன் என்னிடம் கொண்டுவந்து காட்டியிருக்கிறான். வலப்பக்க எண்ணை மட்டும் மாற்றிப் புது வினா செய்ய நினைத்ததன் விளைவு அது.

வேஷம் கட்டிய சமன்பாடுகளில் ராஜா என்றால் எனக்கு வான் ரூமன் போட்டதுதான். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லூவனைச் சேர்ந்த இந்தக் கணிதர் 1593இல் வெளியிட்ட நூலில் 45ஆம் படிச் சமன்பாடு ஒன்றைப் போட்டு, உலகத்துக் கணிதர்களெல்லாம் தீர்க்கட்டும் என்று அழைத்தார்:

45க − 3795க³ + 95634க⁵ − … + 945க⁴¹ − 45க⁴³ + க⁴⁵ = √(7/4 − √(5/16) − √(15/8 − √(45/64)))

பிரான்ஸ் மன்னர் நான்காம் ஹென்றியிடம் வந்த நெதர்லாந்துத் தூதர், இதைத் தீர்க்க உங்கள் நாட்டில் ஆள் இல்லையே என்றாராம். மன்னர் பிரான்சுவா வியத்தை அழைத்தார். வியத் தொழிலால் வழக்கறிஞர், எதிரிகளின் ரகசியக் கடிதங்களை உடைத்துப் படித்துக் கொடுத்தவர். சில நிமிடங்களில் ஒரு விடை சொன்னார், மறுநாள் இன்னும் 22 சொன்னார் என்று கதை.

அவர் கண்டுகொண்டது இதை. ஒரு கோணத்தின் சைனை இரட்டித்து க என்று வையுங்கள். மும்மடங்குக் கோணத்தின் சைனை இரட்டித்தால் 3க − க³ வரும். ஐந்து மடங்குக்கு 5க − 5க³ + க⁵. 45 என்பது 3×3×5. ஒன்றுக்குள் ஒன்றாகப் பிரதியிட்டுக்கொண்டே போனால் அந்தப் பூதம் எழுந்து நிற்கும். உள்ளே இருப்பது ஒரே ஒரு வாக்கியம்: 45 மடங்குக் கோணத்தின் சைன் இது, கோணம் எது? சின்ன அளவில் வேண்டுமானால் 3க − க³ = 1 என்பதைப் போட்டுப் பாருங்கள். மும்மடங்குக் கோணத்தின் சைன் அரை, ஆகவே அது 30 பாகை, நமக்கு வேண்டியது 10 பாகை, க ஏறத்தாழ 0.3473.

வலப்பக்கத்து மூலக்குறிக் கூட்டமும் வேஷம்தான். ஆரம் 1 உள்ள வட்டத்துக்குள் வரைந்த ஒழுங்கான 15 பக்க உருவின் பக்க அளவு அது. 12 பாகையின் சைனைப்போல் இரு மடங்கு. அந்த 12 பாகையை 45ஆல் வகுத்தால் 16 கலை, அதாவது 16 நிமிடக் கோணம். விடை கையில். 12 பாகையோடு ஒவ்வொரு முழுச் சுற்றாகக் கூட்டினாலும் சைன் மாறாது. 360ஐ 45ஆல் வகுக்க 8 பாகை. ஆகவே 16 கலை, 8 பாகை 16 கலை என்று எட்டெட்டாக ஏறி 176 பாகை 16 கலை வரை போனால், நேர்ம விடைகள் சரியாக 23. முதல் நாள் ஒன்று, மறுநாள் 22. கதையில் வரும் எண்ணிக்கை கணக்கோடு இப்படிப் பொருந்துவதைப் பார்க்கும்போது எனக்கு மயிர்க்கூச்செறியும்.

யாரும் சமைக்காமல் தானாகவே வேஷம் போட்டுக்கொண்டு வந்த சமன்பாடும் வரலாற்றில் உண்டு. க³ = 15க + 4 என்பதற்கு 4 விடை என்று பார்த்தாலே தெரிகிறது, 64 = 60 + 4. ஆனால் கார்டானோ 1545இல் வெளியிட்ட முப்படிச் சூத்திரத்தில் போட்டால் ∛(2 + √−121) + ∛(2 − √−121) என்று வருகிறது. எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம்! பொம்பெல்லி 1572இல் வெளியான தன் நூலில் துணிந்து 2 + √−1 என்பதன் கனத்தைப் பெருக்கிக் காட்டினார்: 2 + 11√−1. பதினொன்றின் வர்க்கம் 121. ஆகவே இரண்டு கனமூலங்களும் 2 + √−1, 2 − √−1, கூட்டினால் 4. நான் மதியம் ரஃப் நோட்டில் செய்த அதே வேலை. நான் கேள்வியைச் செய்ய அதைச் செய்தேன், அவர் அதைக் கொண்டு, √−1 கலந்த கலப்பெண்களுக்குக் கதவைத் திறந்தார்.

வகுப்புக்குத் திரும்புகிறேன். அந்தப் பெண் விடவில்லை. "26க்குப் பதில் 27 போட்டா என்ன சார் ஆகும்?" என்றாள். தட்டிப் பார்த்தோம், 4.76 என்று தசமம் நீண்டுகொண்டே போயிற்று. 26 + 15√3இன் ரகசியம் என்ன என்று போர்டில் தேடினோம். 26இன் வர்க்கம் 676. 15இன் வர்க்கத்தை மூன்றால் பெருக்கினால் 675. வித்தியாசம் 1, அது கன எண். 27இல் போனால் 729 − 675 = 54, அது கன எண் இல்லை. வித்தியாசம் கன எண்ணாக இல்லாவிட்டால் உள்ளே முழு எண்களால் ஆன கனமூலம் ஒளிந்திருக்க முடியாது.

ஓர் எண் நகர்ந்தால் எவ்வளவு தூரம் தள்ளிப்போகும் என்பதற்கு இன்னொன்றும் எழுதிக் காட்டினேன். க² − 60ப² = 1 என்பதற்கு நேர்ம முழு எண்களில் மிகச் சிறிய விடை 31, 4. க² − 62ப² = 1 என்பதற்கு 63, 8. நடுவில் இருக்கும் 61க்கு? க = 1766319049, ப = 226153980. இதைவிடச் சிறியது கிடையாது. வண்டுக் கணக்குப் போட்ட அதே பாஸ்கராச்சாரியார் இதைச் சக்கரவாளம் என்ற, ஒரே படியைச் சுழற்சியாகத் திரும்பத் திரும்பச் செய்யும் முறையால் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார். ஐந்து நூற்றாண்டு கழித்து, 1657இல், பிரெஞ்சுக் கணிதர் பெர்மா இதே 61ஐ மற்றக் கணிதர்களுக்குச் சவாலாக விடுத்தார். 60க்கும் 62க்கும் நடுவில் கால் வைத்துப் பார்க்காதவனுக்கு அங்கே கிணறு இருப்பது தெரியாது.

மறுநாள் அந்தப் பெண் வகுப்பு தொடங்குமுன்பே வந்து போர்டில் எழுதி வைத்திருந்தாள்:

∛(45 + 29√2) + ∛(45 − 29√2)

நான் மனதுக்குள் 2025 − 1682 என்று போட்டுக்கொண்டிருந்தேன். 343, ஏழின் கனம். சரியாகச் செய்திருக்கிறாள். முன் பெஞ்சுப் பையன் கால்குலேட்டரைப் பையில் போட்டுவிட்டு, "இரு, சொல்லாதே" என்று சாக்பீஸை அவள் கையிலிருந்து வாங்கினான்.